ஏற்காட்டில் திறக்காத கோப்புப் பகிர்வுத் தளம் சேலத்தில் திறக்கிறது. தடுப்பது யார்?

#1 அஸ்தம்பட்டி_ஒளிப்படம் | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். அஸ்தம்பட்டியில் திருமணங்களுக்கு ஒளிப்படமும் காணொளியும் எடுக்கும் சிறிய ஸ்டுடியோ நடத்துகிறேன். போன மாதம் ஏற்காட்டுக்கு மேலே நாகலூரில், காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தில் திருமணம். தொகுத்து முடித்த காணொளி 38 ஜிபி. முன்பெல்லாம் பென் டிரைவில் போட்டு, மலைக்குப் போகும் பஸ்ஸில் தெரிந்தவர் கையில் கொடுத்தனுப்புவோம். இப்போது எல்லோரும் செய்வதைப் போலக் கோப்புப் பகிர்வுத் தளம் ஒன்றில் ஏற்றிச் சுட்டியை அனுப்பினேன். அந்தத் தளத்துக்கு மாதக் கட்டணம் கட்டிப் பயன்படுத்துகிறேன்.

அன்று மாலையே பெண்ணின் தந்தை அழைத்தார். "தம்பி, நீங்கள் அனுப்பியதைத் திறந்தால் அரசு உத்தரவின்படி தடை செய்யப்பட்ட தளம் என்று வருகிறது. வீட்டில் சம்பந்தி உட்கார்ந்திருக்கிறார். என்ன அனுப்பினீர்கள்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வியில் இருந்த சந்தேகம் எனக்கு இரவெல்லாம் வலித்தது. அவர் மகளின் தாலி கட்டும் காட்சியை, அவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்னதை, அவருக்கே அனுப்பியிருக்கிறேன். இதில் தடை செய்ய என்ன இருக்கிறது?

என் கடையில் அதே சுட்டி உடனே திறக்கிறது. என்னுடையது வேறு நிறுவனத்தின் இணைப்பு. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 அடிவாரத்துக்காரர் | ஞாயிறு, இரவு 10.15

தொலைபேசி இணைப்பகத்தில் 31 ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவன். யூகிப்பதற்கு முன்னால் மூன்று சோதனைகள் செய்யச் சொல்லுங்கள் தம்பி.

முதலில், வைஃபையை அணைத்துவிட்டுக் கைபேசியின் சொந்தத் தரவில் அதே சுட்டியைத் திறக்க வேண்டும். அடுத்து, ரூட்டரில் டிஎன்எஸ் (தளப் பெயரை எண்ணாக மாற்றித் தரும் பதிவேடு) முகவரியை 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றிப் பார்க்க வேண்டும். கடைசியாக, அறிவிப்புப் பக்கம் எப்போது வருகிறது என்று கவனிக்க வேண்டும். சுட்டியைத் தொட்டவுடன் வருகிறதா, தளத்தின் பெயரைத் தட்டச்சு செய்தால்தான் வருகிறதா? இதை விட்டுவிடாதீர்கள். பாதி விடை அதில்தான் இருக்கிறது.

#3 செவ்வாய்ப்பேட்டை_கொலுசு | ஞாயிறு, இரவு 10.50

எங்களுக்கும் இதே தொல்லை உண்டு. வெள்ளிக் கொலுசுக்கு அச்சு வெட்டும் வடிவமைப்புக் கோப்புகளை வெளியூர் வியாபாரிகளுக்கு அனுப்புகிறோம். மின்னஞ்சலில் போகாத அளவு. 2020 மே மாதம் ஊரடங்கில் கடை பூட்டியிருந்தபோது இருந்த ஒரே வழி வீடிரான்ஸ்ஃபர் என்ற கோப்புப் பகிர்வுத் தளம். அந்த மாதம்தான் அதை நாடு முழுவதும் முடக்கினார்கள். எங்கள் வடிவமைப்பாளர் மூன்று நாள் திரும்பத் திரும்ப முயன்றார். தடை என்றே தெரியாது, மோடம் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

#4 அஸ்தம்பட்டி_ஒளிப்படம் | திங்கள், காலை 11.05

அடிவாரத்து ஐயா, நீங்கள் சொன்னபடி செய்யச் சொன்னேன். பெண்ணின் தம்பி பொறியியல் படிக்கிறார், அவரே பொறுமையாகப் பார்த்தார். கைபேசித் தரவில் தளம் திறக்கிறது. ஆனால் அங்கே சிக்னல் இரண்டு கோடுதான், 38 ஜிபி இறங்கவே இறங்காது. டிஎன்எஸ் மாற்றியும் பயனில்லை. சுட்டியைத் தொட்டால் "இணைப்பு துண்டிக்கப்பட்டது" என்று மட்டும் வருகிறது. தளத்தின் பெயரைத் தட்டச்சு செய்தால் சிறிது நேரம் சுற்றிய பிறகு அந்த அறிவிப்பு வருகிறது. தொலைத்தொடர்புத் துறையின் உத்தரவுப்படி தடுக்கப்பட்டது என்று ஒரே வரி. உத்தரவு எண் இல்லை, தேதி இல்லை, யாரைக் கேட்பது என்றும் இல்லை.

#5 அடிவாரத்துக்காரர் | திங்கள், மதியம் 1.30

தெளிவாகிவிட்டது. கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதைப் புரிந்துகொள்ளாமல் யாரைத் திட்டினாலும் அது தவறான முகவரிக்குப் போகும்.

இணையத்தில் ஒரு தளத்தைத் தடுக்கப் பல இடங்கள் உண்டு. முதல் இடம் டிஎன்எஸ். நாம் தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண்ணைச் சொல்லும் பதிவேடு அது. இணைய இணைப்புத் தரும் வழங்குநரின் பதிவேட்டில் எண்ணை மாற்றி எழுதிவிட்டால் நாம் வேறு வாசலுக்குப் போய்விடுவோம். அப்படி இருந்தால் பெரும்பாலும் டிஎன்எஸ் முகவரியை மாற்றியதும் தளம் திறந்திருக்கும். உங்கள் நாகலூர் வீட்டில் திறக்கவில்லை.

இரண்டாவது இடம், போகும் வழியில் எட்டிப்பார்ப்பது. பழைய எச்டிடிபி இணைப்பில் எல்லாமே திறந்த அஞ்சலட்டை போலப் போகும். எந்தத் தளத்தில் எந்தப் பக்கம் என்பது வரை வழங்குநரின் கருவி படித்துவிடும், பதிலுக்குத் தன் அறிவிப்பையும் செருகிவிடும். எச்டிடிபிஎஸ் வந்த பிறகு அது முடியாது, உள்ளடக்கம் பூட்டிய உறைக்குள் போகிறது. ஆனால் இணைப்பு தொடங்கும் முதல் செய்தியில் தளத்தின் பெயர் மட்டும் இன்னும் பெரும்பாலும் வெளியே தெரிகிறது. அதை எஸ்என்ஐ என்பார்கள். கருவி அந்தப் பெயரைப் பார்த்ததும் இணைப்பை அறுத்துவிடுகிறது. உறைக்குள் அறிவிப்பைச் செருக முடியாது, அதனால்தான் சுட்டியைத் தொட்டால் வெறும் துண்டிப்பு மட்டும் வருகிறது. பெயரைத் தட்டச்சு செய்தபோது உலாவி முதலில் எச்டிடிபிஎஸ் முயன்று, தோற்று, பழைய எச்டிடிபிக்கு இறங்கியிருக்கும். அந்த இடத்தில் அறிவிப்பு நுழைந்துவிட்டது.

இப்போது முக்கியமான செய்தி. பூட்டிய உறையின் மேல் தளத்தின் பெயர்தான் தெரியும், எந்தப் பக்கம் என்று தெரியாது. ஒரு கோடி கோப்புகள் இருக்கும் தளத்தில் ஒரே ஒரு கோப்பைத் தடு என்று உத்தரவு வந்தாலும், வழங்குநரால் அந்த ஒன்றை மட்டும் தடுக்க இயலாது. தளம் முழுவதையும் அடைப்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே வழி. ஏதோ ஒரு மூலையில் யாரோ ஏற்றிய திருட்டுப் படத்துக்காக உங்கள் திருமணக் காணொளியும் சேர்ந்து நின்றுவிட்டது என்பதே என் கணிப்பு.

ஊருக்கு ஊர் வேறுபடுவதற்கும் காரணம் உண்டு. ஒரே உத்தரவை ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக, ஒவ்வொரு வேகத்தில் செயல்படுத்துகிறது. பழைய பட்டியலை யாரும் கழிப்பதில்லை. சிறிய வழங்குநர்கள் பெரிய நிறுவனத்திடமிருந்து இணைய இணைப்பை மொத்தமாக வாங்கி விற்கிறார்கள். மேலே இருப்பவர் வடிகட்டினால் கீழே இருப்பவருக்கும் வடிகட்டியதே வரும். 2018-இல் தில்லி ஐஐஐடி ஆய்வாளர்கள் இதையே அளந்து காட்டியிருக்கிறார்கள். தான் தடுக்காத தளமும் அண்டை நிறுவனத்தின் வடிகட்டியால் தன் வாடிக்கையாளருக்குத் திறக்காமல் போகிறது என்று. ஆகவே ஏற்காட்டில் மாதப் பணம் வாங்க வரும் பையனிடம் சண்டை போடச் சொல்லாதீர்கள். பாவம், அவன் கையில் ஒன்றுமில்லை.

#6 கொண்டலாம்பட்டி_மாணவன் | திங்கள், மாலை 5.20

ஐயா, எங்கள் வீட்டில் உபுண்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை டாரண்ட் மூலம் (பலரது கணினிகளிலிருந்து துண்டு துண்டாக) இறக்கினால் மிக மெதுவாக வருகிறது. அதுவும் இந்தத் தடையா?

#7 அடிவாரத்துக்காரர் | திங்கள், மாலை 5.45

பெரும்பாலும் இல்லை தம்பி. ஐபிவி4 என்ற பழைய வகை இணைய முகவரி எண்கள் பற்றாக்குறையால் பல வீடுகளை ஒரே பொது எண்ணின் பின்னால் வைத்திருக்கிறார்கள். சிஜிநாட் என்று பெயர். வெளியிலிருந்து வரும் இணைப்பு உங்கள் கணினியைக் கண்டுபிடிக்க முடியாது, அதனால் டாரண்டில் பாதிப் பேருடன்தான் பேச முடியும். புதிய வகை எண்ணான ஐபிவி6 இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மெதுவாக வருவதெல்லாம் தடை அல்ல. தடை என்றால் ஒன்றுமே வராது.

#8 குகை_வழக்கறிஞர் | திங்கள், இரவு 8.30

சட்டப் பக்கத்தை நான் சொல்கிறேன். இரண்டு வழிகளில் தளங்கள் தடுக்கப்படுகின்றன. இரண்டையும் குழப்பக் கூடாது.

ஒன்று, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற சில காரணங்களுக்காக மத்திய அரசு தடுக்கலாம். அந்தப் பட்டியலில் பதிப்புரிமை இல்லை. திருட்டுப் படத்தைக் காரணம் காட்டி 69ஏ பிரிவில் யாரும் தளத்தை அடைக்க முடியாது.

இரண்டாவது வழி நீதிமன்றம். படம் வெளியாவதற்கு முன்பே தயாரிப்பாளர் உயர் நீதிமன்றம் சென்று, இன்னார் என்று தெரியாத திருடர்களுக்கு எதிராக ஆணை பெறுகிறார். எதிர்மனுதாரர் இடத்தில் அசோக் குமார் என்று ஒரு பெயரை எழுதுவது வழக்கம். அந்த ஆணையை வைத்து வழங்குநர்களிடம் தளங்களின் பட்டியலை நீட்டுவார்கள்.

நம் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே இதற்கு வரலாறு உண்டு. 2012-இல் ஒரு தமிழ்ப் படத்துக்காகவும் ஒரு தெலுங்குப் படத்துக்காகவும் பெற்ற ஆணையைக் காட்டி, மே மாதம் விமியோ, டெய்லிமோஷன் ஆகிய காணொளித் தளங்கள் உள்ளிட்ட தளங்களை முழுவதுமாக அடைத்தார்கள். குறும்படம் எடுப்பவர்கள் தங்கள் படத்தையே பார்க்க முடியாமல் தவித்தார்கள். வழங்குநர்களே நீதிமன்றம் போனார்கள். ஜூன் மாதம் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது: தடை குறிப்பிட்ட பக்கங்களுக்குத்தான், முழுத் தளத்துக்கு இல்லை.

அடிவாரத்து ஐயா சொன்னதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். 2012-இல் அந்த ஆணையை நிறைவேற்ற முடிந்தது, அப்போது பெரும்பாலான தளங்கள் திறந்த அஞ்சலட்டைதான். இன்று வழங்குநரின் கருவிக்குப் பக்கமே தெரியாது. நீதிமன்றம் பக்கத்தை மட்டும் தடு என்றாலும் கை முழுத் தளத்தின் மீதுதான் விழுகிறது.

ஒரு கோப்பை மட்டும் நீக்கக் கூடியவர் அந்தத் தளத்தை நடத்துபவர்தான். அதற்கும் சட்டம் இருக்கிறது. 2012-இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் 2013 விதிகளும் சொல்வது இது: உரிமையாளர் எழுத்து மூலம் புகார் கொடுத்தால் தளம் 36 மணி நேரத்துக்குள் அந்தக் கோப்பை நிறுத்த வேண்டும், 21 நாட்களுக்குள் நீதிமன்ற ஆணை வராவிட்டால் மீண்டும் திறக்கலாம். முதலில் தட்ட வேண்டிய கதவு அது. அதைத் தட்டாமல் தெருவையே அடைப்பது எனக்குச் சற்றும் ஏற்புடையதல்ல.

#9 ஐந்துரோடு_திரையரங்கு | திங்கள், இரவு 9.55

நான் மறுபக்கத்தைச் சொல்லியாக வேண்டும். 22 ஆண்டுகள் திரையரங்கில் படம் ஓட்டியவன். வெள்ளிக்கிழமை காலைக் காட்சி முடிவதற்குள் அதே படம் எதிர் டீக்கடையில் கைபேசியில் ஓடுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஞாயிறு மாலைக் காட்சிக்குக் கூட்டம் பாதியாகும். எங்களோடு சைக்கிள் நிறுத்தத்தில் இருந்தவர், முறுக்கு விற்றவர் எல்லோருக்கும் அன்று கூலி குறைந்தது. இது சேலம். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவாயில் வளைவு இன்னும் நிற்கிறது. 1935-இல் டி.ஆர். சுந்தரம் இங்கே ஒரு நிறுவனம் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுக்கப்பட்ட ஊர் இது. படம் எடுப்பவன் வயிற்றில் அடிக்கும் தளங்களுக்காக இந்த ஊரில் யாரும் பரிந்து பேசக் கூடாது.

#10 அஸ்தம்பட்டி_ஒளிப்படம் | திங்கள், இரவு 10.20

அண்ணா, நானும் படம் எடுத்துத்தான் பிழைக்கிறேன். என் படத்தை ஒருவர் எடுத்துத் தன் விளம்பரத்தில் போட்டபோது எனக்கும் எரிந்தது. திருடனுக்காக நான் பேசவில்லை. திருடன் மறுநாள் காலையில் பெயரின் கடைசியில் இரண்டு எழுத்தை மாற்றிக்கொண்டு புதிய முகவரியில் திறந்துவிடுகிறான். தமிழ்ராக்கர்ஸ் எத்தனை முகவரி மாற்றியது என்று உங்களுக்கே தெரியும். மாற்ற முடியாமல் மாட்டிக்கொண்டவன் நான். பணம் கட்டி, என் பெயர் போட்டு, என் கோப்பை அனுப்பியவன்.

#11 குகை_வழக்கறிஞர் | திங்கள், இரவு 11.00

திரையரங்கு அண்ணாவின் வேதனை நியாயமானது. முகவரி மாற்றும் தந்திரத்துக்கு நீதிமன்றமும் பதில் தேடியது. 2019 ஏப்ரலில் தில்லி உயர் நீதிமன்றம், தடுத்த தளத்தின் மறுபிரதி புதிய முகவரியில் வந்தால் புதிய வழக்குப் போடாமலே பட்டியலில் சேர்க்கலாம் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் குறி, முழுக்க முழுக்கத் திருட்டையே தொழிலாகக் கொண்ட தளங்கள்மேல். அதில் எனக்குக் குறையில்லை. பொதுக் கோப்புப் பகிர்வுத் தளத்தை அதே தராசில் வைப்பதுதான் தவறு.

திருட்டின் ஊற்றுக்கண் அரங்குக்குள்ளேயே இருக்கிறது அண்ணா. 2023-இல் ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்தி, அரங்கில் படத்தைப் பதிவு செய்தால் 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, குறைந்தது 3 லட்சம் ரூபாய் அபராதம் என்று ஆக்கினார்கள். அது கை வைக்க வேண்டிய இடத்தில் கை வைக்கும் சட்டம்.

#12 ஐந்துரோடு_திரையரங்கு | செவ்வாய், காலை 7.10

அது உண்மை. ஒருமுறை கடைசி வரிசையில் கேமராவை மடியில் வைத்திருந்தவனை நானே பிடித்துக் கொடுத்தேன். அன்று எழுதிக்கொண்டு விட்டுவிட்டார்கள். இன்று அப்படி விடமாட்டார்கள் என்று நம்புகிறேன். திருமணக் காணொளியைத் தடுப்பதால் எங்கள் அரங்கில் ஒரு டிக்கெட்கூட அதிகம் விற்காது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

#13 ஏற்காடு_தமிழாசிரியை | செவ்வாய், மாலை 4.40

தாமதமாகப் பார்த்தேன். ஆனால் இந்த இழையில் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

2017 ஆகஸ்டில் ஒரு காலை இன்டர்நெட் ஆர்க்கைவ் திறக்கவில்லை. இரண்டு இந்திப் படங்களுக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெற்ற ஆணைகளில் 2,600-க்கும் மேற்பட்ட தளங்களைப் பட்டியலிட்டிருந்தார்கள். அதில் அந்த நூலகமும் ஒன்று. ஆம், நூலகம் என்றுதான் சொல்வேன். எந்தக் கடையிலும் கிடைக்காத பழைய தமிழ்ப் பதிப்புகளை எத்தனையோ தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாக ஒளிவருடி அங்கே ஏற்றியிருக்கிறார்கள். சங்க இலக்கிய உரைகள், நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள், நூறாண்டுக்கு முந்தைய இதழ்கள். உரிமைக் காலம் எப்போதோ முடிந்தவை, அரசே மக்களுக்கு என்று வாங்கிக் கொடுத்தவை. இங்கிருந்து பெரிய நூலகத்துக்குப் போக வேண்டுமென்றால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். மழைக்காலத்தில் பாதை சரிந்தால் அதுவும் இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கு அந்தத் தளம்தான் அலமாரி.

அன்று பத்தாம் வகுப்பில் பழைய உரை ஒன்றின் அச்சுப் பக்கத்தைத் திரையில் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். தடை அறிவிப்பைப் பார்த்து ஒரு மாணவி, "டீச்சர், இது தப்பான தளமா?" என்று கேட்டாள். அஸ்தம்பட்டித் தம்பிக்கு நாகலூரில் கேட்ட கேள்வியும் இதுதானே. தடுப்பவர்கள் இந்த ஒன்றை நினைத்துப் பார்ப்பதில்லை. அந்த ஒரு வரி அறிவிப்பு, கோப்பை மறிப்பதோடு நிற்காமல் அனுப்பியவர் மீதும் கறை பூசுகிறது.

இன்னொன்று. திரைப்படத்துக்கும் உரிமைக் காலம் 60 ஆண்டுதான். மாடர்ன் தியேட்டர்ஸ் 1956-இல் எடுத்த வண்ணப்படத்தின் உரிமை 2016 முடிவோடு தீர்ந்துவிட்டது. அதை ஒருவர் பகிர்ந்தால் அது திருட்டல்ல, பாதுகாப்பு. தளத்தின் பெயரை மட்டும் பார்க்கும் கருவிக்கு இந்த வேறுபாடு எப்படித் தெரியும்?

#14 செவ்வாய்ப்பேட்டை_கொலுசு | செவ்வாய், மாலை 6.00

ஆசிரியை அக்கா சொன்னது சரி. 2014 டிசம்பரில் 32 தளங்களை அடைத்தபோது மென்பொருள் எழுதுபவர்கள் நிரல்களைப் பகிரும் கிட்ஹப்பும் அதில் இருந்தது. 2022-இல் காணொளி பார்க்க உதவும் விஎல்சி மென்பொருளின் தளத்தையே பல மாதங்கள் அடைத்து வைத்து, வக்கீல் நோட்டீஸ் போன பிறகுதான் நவம்பரில் திறந்தார்கள். ஏன் அடைத்தார்கள் என்று அதை உருவாக்கியவர்களுக்கே யாரும் சொல்லவில்லை. நமக்கு யார் சொல்வார்கள்? வழக்கறிஞர் ஐயா, கேட்கவாவது வழி இருக்கிறதா?

#15 குகை_வழக்கறிஞர் | செவ்வாய், இரவு 9.15

இருக்கிறது, கடினமானது. 2015-இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 69ஏ பிரிவைச் செல்லும் என்றது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, தடைக்கான காரணம் எழுத்தில் பதிவாகிறது, அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போகலாம் என்பது. ஆனால் 2009 விதிகளில் 16-ஆவது விதி, புகாரும் நடவடிக்கையும் இரகசியமாக இருக்க வேண்டும் என்கிறது. காகிதத்தைக் காட்டாமல் அதை எதிர்த்து வாதாடு என்றால் எப்படி? பத்தாண்டுக்கு மேலாக எங்களை உறுத்தும் முள் இது.

நீதிமன்ற ஆணை என்றால் நிலைமை சற்று மேல், வழக்கு எண் இருக்கும். 2016-இல் பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி கௌதம் படேல், தடுப்பு அறிவிப்பிலேயே வழக்கு விவரமும் பாதிக்கப்பட்டவர் முறையிடும் வழியும் இருக்க வேண்டும் என்று ஆணையிட்டார். உங்கள் நாகலூர் அறிவிப்பில் அது இருந்திருந்தால் இந்த இழையே வந்திருக்காது.

இப்போது செய்ய வேண்டியது: தோட்டக்காரர் பெயரில்தான் இணைப்பு, எனவே அவரே வழங்குநரின் புகார் மையத்தில் பதிவு செய்து புகார் எண் வாங்க வேண்டும். "தளம் வேலை செய்யவில்லை" என்று சொல்லக் கூடாது, ரூட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள். "எந்த உத்தரவின் பேரில், எந்தத் தேதியில் தடுத்தீர்கள்" என்று எழுத்தில் கேட்க வேண்டும். சட்டமோ உரிமம் வழங்கிய துறையோ தடுத்தவை தவிர மற்ற எல்லாவற்றையும் வாடிக்கையாளர் தடையின்றி அணுகலாம் என்று வழங்குநரின் உரிமத்திலேயே இருக்கிறது. உத்தரவு இல்லாமல் அவர் தடுத்தால் அது உரிம மீறல். பதில் சரியில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 ஒழுங்குமுறை அந்த இரண்டு படிகளையும் தருகிறது.

#16 அடிவாரத்துக்காரர் | செவ்வாய், இரவு 9.40

சான்று வேண்டுமென்றால் ஊனி புரோப் என்ற இலவசச் செயலியை அந்த வைஃபையில் ஓட்டச் சொல்லுங்கள். எந்த நாளில் எந்த வழங்குநரிடம் எந்தத் தளம் எப்படி அறுபட்டது என்று பொதுவில் பதிவாகும். வீட்டிலிருந்து ஓட்டும் ஒவ்வொரு சோதனையும் பின்னால் ஒரு வழக்குக்குக் கல்லாகும். முடிவு எல்லோரும் பார்க்கும்படி வெளியாகும் என்பதைத் தோட்டக்காரரிடம் முதலில் சொல்லி, சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

#17 அஸ்தம்பட்டி_ஒளிப்படம் | 12 நாட்களுக்குப் பிறகு, ஞாயிறு, மாலை 6.25

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

அடுத்த நாளே பென் டிரைவோடு நானே மேலே போனேன். வழக்கறிஞர் ஐயா எழுதியதை அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன், சம்பந்தியும் இருந்தார். தோட்டக்காரர் முழுவதும் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் தப்பு உங்கள் பக்கம் இல்லை, எழுதுங்கள்" என்று சொல்லிப் புகாரில் கையெழுத்துப் போட்டார். பெண்ணின் தம்பி ஊனி சோதனையை மூன்று நாள் ஓட்டினார். மூன்று நாளும் ஒரே முடிவுதான்: டிஎன்எஸ் சரியாக இருக்கிறது, இணைப்பு முதல் செய்தியிலேயே அறுபடுகிறது.

ஒன்பதாம் நாள் தளம் தானாகத் திறந்தது. புகார் எண்ணுக்கு "தீர்க்கப்பட்டது" என்று ஒரே சொல்லில் குறுஞ்செய்தி வந்தது. எந்த உத்தரவு, யார் கொடுத்தது, எப்போது நீக்கினார்கள் என்று எதுவும் இல்லை. திறந்துவிட்டதே, விட்டுவிடலாமா என்று நான் கேட்டேன். அவர் ஒப்பவில்லை. "என் வீட்டுக் கல்யாணத்தின் மேல் எழுதிய வரி அது. எதற்காக எழுதினார்கள் என்று தெரிய வேண்டும்" என்றார். நேற்று மேல்முறையீட்டு அதிகாரிக்கு அவர் பெயரில் அனுப்பியிருக்கிறோம். பதில் வந்ததும் இங்கே பதிவிடுகிறேன்.